காலை மெட்ரோவில் ஒரு ஆல்பம்: ஒரு சும்மா கேட்பவனின் தீர்ப்புகள்

மெட்ரோ_ஜன்னல் (திங்கள், காலை 9.10)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குச் சங்கீதம் தெரியாது. தென்காசிக்காரன், மொரீசியஸுக்கு வந்து மூன்று வருடம். கியூர்பிப்பில் வீடு, போர்ட் லூயிஸில் வேலை. மெட்ரோவில் ஏறி உட்கார்ந்தால் ஏறக்குறைய நாற்பது நிமிடம். பழைய எல்பி தட்டு ஒன்றின் இரண்டு பக்கமும் சேர்ந்தால் அதே நாற்பதுதான். இது உறைத்த நாளிலிருந்து காலைக்கு ஒரு ஆல்பம், முதலிலிருந்து கடைசி வரை. ஆறு மாதமாயிற்று. கேட்டதில் சில:

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' (1959). ஜாஸ் என்றால் ஹோட்டல் லிஃப்ட்டில் ஓடுவது என்று நினைத்திருந்தேன். கியூர்பிப் மழையில் இதைப் போட்டால் ஃபீனிக்ஸ் நிலையம் தாண்டுவதற்குள் மனசு அடங்கிவிடுகிறது. ஆனால் இறங்கியதும் ஒரு மெட்டும் நினைவில் நிற்பதில்லை. நல்ல தூக்கம் மாதிரி.

பிங்க் ஃப்ளாய்டின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' (1973) அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 700 வாரத்துக்கு மேல் இருந்ததாம். கடிகாரமெல்லாம் சேர்ந்து அலறும் இடத்தில் நான் துள்ளியதைப் பார்த்துப் பக்கத்து இருக்கை அம்மா பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பாதி பிடித்தது. மீதி, வசதியான ஒருவர் தன் கவலையை நல்ல ஸ்பீக்கர் வைத்துச் சொன்னது போலிருந்தது.

மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' (1982): 9 பாட்டில் 7 தனித்தனியாக சிங்கிளாக வந்து ஓடியவை. பந்தியில் எல்லாமே இனிப்பு வைத்த மாதிரி.

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986), படத்துக்காக இல்லாமல் போட்ட வாத்திய இசை. திட்டப் போகிறீர்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் மனம் ஒரு காட்சியைத் தேடுகிறது, காட்சி இல்லை. ராஜா படத்துக்குப் போட்டது இதைவிட மேல்.

கடைசியாக, ஆபீஸ் நண்பர் சொல்லி, இந்தத் தீவின் பாடகர் காயாவின் செகே என்ற இசையைக் கேட்டேன். ஜமைக்காவின் ரெகேவைக் கொஞ்சம் குலுக்கிவிட்டது போலிருக்கிறது. எல்லாப் பாட்டும் ஒன்றே. பத்துக்கு ஐந்து.

தால்பூரி_ரெண்டு (திங்கள், காலை 9.32)

இந்தத் தீவில் உட்கார்ந்துகொண்டு காயாவுக்கு ஐந்தா! அண்ணே, நாளைக்கு வேறு பெட்டியில் ஏறுங்கள்.

ரவான்காரர் (திங்கள், மதியம் 12.45)

தம்பி, நான் இங்கேயே பிறந்தவன். வீட்டில் கிரியோல் பேசி, பள்ளியில் தமிழ் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுக்கவும்.

குலுக்கிவிட்டது என்கிறீர்கள். அந்தக் குலுக்கல்தான் செகா, இந்தத் தீவின் பழைய பாட்டும் ஆட்டமும். செகா ஓடுவது ஆறில், நம் திஸ்ரம் போல மூன்று மூன்றாக. ரெகே ஓடுவது நாலில். அதிலும் பல பாட்டுகளில் முதல் அடியைக் காலியாக விட்டு, டிரம் மூன்றாவதில் வந்து விழும். ஒன்று ஓடச் சொல்கிறது, மற்றது சாயச் சொல்கிறது. இரண்டையும் ஒரே வண்டியில் பூட்டி, வண்டி கவிழாமல் ஓட்டியவர் காயா. நாளைக்குத் தொடையில் மூன்று மூன்றாகத் தட்டிக்கொண்டு, காலால் நாலு வைத்துப் பாருங்கள். ரோஸ் ஹில் வருவதற்குள் குழம்பிவிடுவீர்கள்.

அவர் ரோஷ் புவா பையன். துறைமுகத்துக்குப் பக்கத்து ஏழை வட்டாரம். 1999 பிப்ரவரியில் போலீஸ் காவலில் இறந்தார், நாடே சில நாள் பற்றி எரிந்தது. அந்த வாரத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்களுக்கு அந்தக் குரல் ஆல்பம் இல்லை. பத்துக்கு எத்தனை என்று போடுகிற பொருளும் இல்லை.

மெட்ரோ_ஜன்னல் (திங்கள், மதியம் 1.20)

ஐயா, தாளக் கணக்கைச் சொன்னதற்கு நன்றி, முயன்று பார்க்கிறேன். கடைசிப் பத்தியில்தான் எனக்குச் சம்மதமில்லை. ஒருவர் எப்படி இறந்தார் என்பதற்கும் சேர்த்து மதிப்பெண் போட்டால் அது ரசனையா, துக்கம் விசாரிப்பதா?

அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் 'கிரேஸ்லேண்ட்' (1986) இருக்கிறது. நிறவெறி ஆட்சிக்காக உலகமே தென்னாப்பிரிக்காவைப் புறக்கணித்த நேரத்தில் ஜோகன்னஸ்பர்க் போய்ப் பதிவு செய்தார் என்று அவரை உண்டு இல்லை என்று ஆக்கினார்கள். இன்றைக்கு எனக்கு அந்தச் சண்டை கேட்கவில்லை. அதில் பாடும் தென்னாப்பிரிக்கக் குழு லேடிஸ்மித் பிளாக் மம்பாசோவின் குரல்கள் கேட்கின்றன, அவ்வளவுதான். அவ்வளவு போதாதா?

ரவான்காரர் (திங்கள், மதியம் 1.58)

அந்தக் குரல்கள் ஏன் அப்படி அடங்கி ஒலிக்கின்றன என்று கேட்டீர்களா? அந்தப் பாணிக்கு இசிகதமியா என்று பேர், மெல்ல அடிவைத்து நடப்பது என்று பொருள். ஊரை விட்டு வேலைக்குப் போன ஸுலு ஆட்கள், தொழிலாளர் விடுதியில் காவலர் காதில் விழாமல் ஆடிப் பழகியது என்பார்கள். உங்கள் காதில் அழகாக விழுவது அந்தப் பயம்தான். சண்டையைக் கழித்துவிட்டேன் என்று நினைக்கிறீர்கள். அது பாட்டுக்குள் இருக்கிறது.

சுருதிப்பெட்டி (திங்கள், மாலை 6.15)

மோக்காவில் வீணை படித்தவள். 'தெரியாது' என்று முதல் வரியில் சொல்லிவிட்டுத் தலைப்பில் 'தீர்ப்பு' என்று போடுவது கெட்டிக்காரத்தனம். யாராவது மறுத்தால் 'எனக்குத்தான் தெரியாதே' என்று ஒதுங்கிவிடலாம்.

'கைண்ட் ஆஃப் ப்ளூ' நினைவில் நிற்காததற்குக் காரணம் உண்டு. அதற்கு முன்னால் ஜாஸில் கார்டுகள், அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகள், மளமளவென்று மாறும், வாசிப்பவர் அவற்றைத் துரத்த வேண்டும். மைல்ஸ் அவற்றைக் குறைத்துவிட்டு, ஒரு ஸ்வர வரிசையைக் கொடுத்து அதிலேயே உலவச் சொன்னார். 'நம் ராகம் மாதிரி' என்று எங்கள் வகுப்பில் எல்லோரும் சொல்வார்கள், எனக்கு எரிச்சலாக வரும். கமகமும் பிடிப்புகளும் இல்லாமல் ராகம் ஏது? ஆனாலும் ஒரே இடத்தில் நின்று சுற்றிப் பார்க்கும் பொறுமை இரண்டிலும் உண்டு. மெட்டைத் தேடினால் கிடைக்காதுதான். ஆலாபனையில் சரணம் எங்கே என்று தேடுவீர்களா?

ராஜா ஆல்பம் தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாகுக்கும் (Bach) காணிக்கையாக வந்தது. அதில் பாகின் தனி வயலின் முகப்பிசை ஒன்று ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் இன்னொரு வயலின் வந்து உட்கார்ந்து பேசும். விருந்தாளியும் வீட்டுக்காரரும் போல. அங்கே உங்களுக்குக் காட்சி வேண்டுமாம்! படம் பார்த்தே வளர்ந்த காது அது. குற்றம் ஆல்பத்தில் இல்லை.

தால்பூரி_ரெண்டு (திங்கள், மாலை 6.40)

ஞானிகளுக்கு ஒரு கேள்வி. அதே 'கைண்ட் ஆஃப் ப்ளூ' முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் பதிவான அன்று டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியதாம். அதைச் சரியான வேகத்தில் ஓட்டியபோது தட்டில் வேகமும் சுருதியும் சற்றுத் தூக்கலாகப் பதிந்து, 1990களில்தான் சரி செய்து வெளியிட்டார்கள். முப்பது வருடத்துக்கு மேல் உலகத்து ரசிகர்கள் எல்லோரும் தப்பான சுருதியைக் கேட்டுக் கண் மூடித் தலையாட்டியிருக்கிறார்கள். இதில் மெட்ரோ அண்ணன் மட்டும் என்ன பாவம் செய்தார்?

சுருதிப்பெட்டி (திங்கள், மாலை 6.52)

நல்ல கேள்வி, தப்பான ஆளிடம். தட்டோடு சேர்ந்து வாசித்துப் பார்த்தவர்களுக்கு அது அப்போதே இடித்தது, கருவியின் சுருதியை மாற்ற வேண்டியிருந்தது. தலையாட்டியவர்களுக்குத்தான் தெரியவில்லை. இது என் கட்சிக்குச் சாட்சி.

மெட்ரோ_ஜன்னல் (திங்கள், இரவு 8.05)

இல்லை அக்கா, என் கட்சிக்கும்தான். கால் சுருதி கூடியிருந்தபோதும் அது தலையாட்ட வைத்தது. அப்படியானால் என்னைப் போன்றவனுக்குள் போய்ச் சேர்வது வேறு ஏதோ ஒன்று. சமையல் தெரிந்தவர்தான் உப்பு கூட என்று சொல்லலாம் என்றால் இந்தியாவில் ஒரு கணவனும் வாய் திறக்க முடியாது.

தால்பூரி_ரெண்டு (திங்கள், இரவு 8.07)

திறக்காமல் இருப்பது நல்லதுதானே.

ரவான்காரர் (திங்கள், இரவு 10.30)

இப்போது தம்பி பக்கம் ஒன்று சொல்கிறேன். செகா ஆல்பங்கள் பெரும்பாலும் மோசம்தான்.

ரவான், செகாவுக்கு அடிக்கும் கைப்பறை, ஆட்டுத்தோல். ஊரில் பறையைக் காய்ச்சுவார்களே, அதே போல இதையும் நெருப்பில் காட்டினால்தான் குரல் எழும். காற்று ஈரமானால் தொய்ந்துவிடும், மறுபடி காட்ட வேண்டும். இளவயதில் ஒரு கேசட்டுக்கு வாசிக்கப் போனேன். குளிரூட்டிய அறை, நெருப்புக்கு அனுமதி இல்லை. வாசலில் கார் நிறுத்துமிடத்தில் செய்தித்தாளைக் கொளுத்தித் தோலைச் சூடாக்கி, மாடிக்கு ஓடினேன். முதல் டேக் நன்றாக வந்தது, பாடகர் தப்பு செய்துவிட்டார். இரண்டாவதில் தோல் சோர்ந்துவிட்டது. மூன்றாவதற்கு மறுபடி கீழே. நாலாவது தடவை கிளம்பும்போது, 'நீங்கள் உட்காருங்கள்' என்றார் சவுண்ட்காரர். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினார், முடிந்தது. கேசட் வந்தது. உறையில் என் பேர் இருக்கிறது, உள்ளே என் கை இல்லை.

2014-இல் யுனெஸ்கோ செகாவைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது எல்லோரும் கை தட்டினோம். பட்டியலில் சேர்ந்தது நெருப்புக்குப் பக்கத்தில் நடப்பது. நீங்கள் காதில் மாட்டிக்கொண்டு கேட்பது அந்தப் பொத்தான். அதனால் ஐந்து போடுங்கள், நான் மூன்றுகூடப் போடுவேன். ஆனால் போடுவது ஆல்பத்துக்கு, செகாவுக்கு இல்லை. காயா வேறு கணக்கு, அங்கே என் கோபம் அப்படியே இருக்கிறது.

சுருதிப்பெட்டி (திங்கள், இரவு 10.48)

இதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை, ஐயா. ஆனால் ஒரு சந்தேகம். 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வும் நியூயார்க்கில் ஒரு ஸ்டூடியோவுக்குள் இரண்டே நாள் வேலையில் பிறந்ததுதான். அங்கே ஸ்டூடியோ எதையும் கொல்லவில்லையே?

ரவான்காரர் (திங்கள், இரவு 10.55)

அவர்கள் எக்காளத்தைக் காய்ச்ச வேண்டியதில்லை, அம்மா.

மெட்ரோ_ஜன்னல் (செவ்வாய், காலை 9.25)

இன்று காயாவை மறுபடி போட்டுத் தொடையில் மூன்று மூன்றாகத் தட்டிக்கொண்டு வந்தேன். ரோஸ் ஹில் வரை தாங்கவில்லை, குவாட்டர் போர்ன்ஸிலேயே கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். எதிரே இருந்த பையன் சிரித்துவிட்டு, தன் மடியில் சரியாகத் தட்டிக் காட்டினான். பேசவில்லை, தட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

'எல்லாப் பாட்டும் ஒன்றே' என்றதைத் திரும்பப் பெறுகிறேன், அது தப்பு. ஐந்தை மாற்றவில்லை. வருத்தப்பட்டு ஏழு போட்டால் ஐயாவுக்கே பிடிக்காது.

ராஜா விஷயத்தில் ஒரு அங்குலம் நகரமாட்டேன்.

ரவான்காரர் (செவ்வாய், மதியம் 12.40)

ஞாயிற்றுக்கிழமை ஃபிளிக் என் ஃபிளாக் கடற்கரைக்கு எங்கள் வீட்டு ஆட்கள் வருகிறோம். வாருங்கள். பழைய செய்தித்தாள் இருந்தால் எடுத்து வாருங்கள், தோல் காய்ச்ச.

தால்பூரி_ரெண்டு (செவ்வாய், மதியம் 12.43)

தால்பூரி என் பொறுப்பு. தலைக்கு ரெண்டு.

சுருதிப்பெட்டி (செவ்வாய், மதியம் 1.10)

எனக்கு ஞாயிறு வகுப்பு, வர முடியாது. மெட்ரோ_ஜன்னல், தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அந்த வயலின் முகப்பிசையைக் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை கேட்டுவிட்டு, எந்தப் படத்து எந்தக் காட்சி அதைவிட மேல் என்று பேர் சொல்லி எழுதுங்கள். காத்திருக்கிறேன்.