மல்லிகை அடியில் நாய் வாந்தி, ஆனால் நாய் வரவே இல்லை: யாராவது விளக்குங்கள்

மல்லிகைத்தோட்டம் (கொழிஞ்சாம்பாறை):
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீடு பாலக்காடு மாவட்டத்தில், எல்லையை ஒட்டி இருக்கிறது. மழைக்கு முன் மர மில்லிலிருந்து இரண்டு மூட்டை மரத்தூள் வாங்கி, கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும் அடியில் பரப்பினேன். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்த நான்காம் நாள் காலையில், மல்லிகைத் தொட்டிக்குப் பக்கத்தில் இட்லி அளவுக்கு மஞ்சள் நுரை கிடந்தது. பக்கத்து வீட்டுச் சேச்சியின் நாய் வாந்தி எடுத்துவிட்டது என்று நினைத்து, நேராகவே போய்க் கேட்டுவிட்டேன். பேச்சு கொஞ்சம் தடித்துவிட்டது. வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். மறுநாள் ஒரு சாண் தள்ளி இன்னொன்று. அன்று இரவு கேட்டைப் பூட்டி வைத்தேன். விடிந்து பார்த்தால் அது தொட்டியின் விளிம்பிலேயே ஏறியிருக்கிறது! செடிக்கு நோயா? பிளீச்சிங் பவுடர் போடலாமா? வீட்டில் கோழியும் இரண்டு வயதுப் பேத்தியும் உண்டு.

தென்னந்தோப்பு:
கல் உப்பைத் தூவுங்கள். அட்டை, நத்தை எல்லாம் அதற்குத்தான் அடங்கும்.

ஈரமண்:
தயவுசெய்து உப்பு வேண்டாம். அது மல்லிகையின் வேரைத்தான் முதலில் கெடுக்கும். அக்கா, மூன்று கேள்விகள். நாற்றம் உண்டா? குச்சியால் தொட்டால் குழகுழவென்று இருக்கிறதா, மேலே ஓடு கட்டியிருக்கிறதா? மஞ்சள் நிறம் வெளுத்துக்கொண்டு வருகிறதா?

மல்லிகைத்தோட்டம்:
நாற்றம் பெரிதாக இல்லை. புதியது கூழ் போல இருக்கிறது. முதலில் வந்ததில் கழுவியும் போகாமல் ஒட்டிக் கிடந்த பகுதி வெளுத்து, மேலே பொருக்குத் தட்டியிருக்கிறது. குச்சியால் உடைத்தேன், உள்ளே கரும்பழுப்புத் தூள் பறந்தது.

ஈரமண்:
அப்படியென்றால் உங்கள் சேச்சியின் நாய் நிரபராதி. இதன் பெயரே ஆங்கிலத்தில் ‘நாய் வாந்திச் சளிப்பூஞ்சை’தான். அறிவியல் பெயர் ஃபுலிகோ செப்டிகா. பூஞ்சை என்று சொன்னாலும் பூஞ்சை இல்லை, அமீபாவின் தூரத்து உறவு. அந்தக் கூழ் முழுவதும் ஒரே செல், உள்ளே ஆயிரக்கணக்கான உட்கருக்கள். மக்கும் மரத்தூளில் பெருகும் பாக்டீரியாவையும் பூஞ்சை வித்துகளையும் விழுங்கிக்கொண்டே நகரும், செடியைத் தின்னாது. தீனி முடிந்ததும் சற்று உயரமான, காய்ந்த இடம் தேடி ஏறி வித்தாக மாறும். உங்கள் தொட்டியின் விளிம்பில் நடப்பது அதுதான்.

பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், பூஞ்சைக்கொல்லிக்குச் செலவும் வேண்டாம். வாளித் தண்ணீர்தான் தவறு: பொருக்குக் கட்டியதன் மேல் தண்ணீர் அடித்தால் வித்து தோட்டம் முழுக்கப் பரவும். கூழாக இருக்கும்போதே அடியில் உள்ள மரத்தூளோடு சேர்த்து அள்ளி, ஒரு பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். மிச்சத் தூளைக் கிளறிக் காயவிடுங்கள். சின்ன நாற்றை மூடிக்கொண்டால் மட்டும் கையால் விலக்குங்கள். பழுப்புத் தூள் சிலருக்கு மூக்கொழுகலும் மூச்சிரைப்பும் தரும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அவர் அள்ள வேண்டாம், அள்ளுபவர் மூக்கில் துணி கட்டிக்கொள்ளட்டும். பேத்தியைச் சில நாள் அந்தப் பக்கம் விட வேண்டாம்.

பட்டைக்குழி (வாணியம்பாடி):
ஈரமண் சொன்னதோடு ஒன்று. இதற்கு இன்னொரு பெயரும் உண்டு, ‘பதனிடு பட்டையின் பூ’. 1727இல் ழான் மார்ஷான் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் அந்தப் பெயரில்தான் இதை விவரித்தார். தோல் பதனிட்டு முடிந்த மரப்பட்டைக் குவியலில் இது பூத்ததால் வந்த பெயர். எங்கள் தாத்தா இங்கே தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்தவர். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டைதான். சாறு போன பட்டையை வெளியே மலைபோல் கொட்டுவார்களாம், மழை பெய்தால் அதன் மேல் மஞ்சளாக நுரை கிளம்புமாம். சுண்ணாம்புக் குழியின் நுரை காற்றில் வந்துவிட்டது என்று நினைத்தோம் என்பார். இன்று இந்த இழையைப் படித்த பிறகுதான், அது இதுவாக இருந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் வருகிறது. நாய் வாந்தியைவிடப் பூ எவ்வளவோ மேல், இல்லையா?

தென்னந்தோப்பு:
உப்பு யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் கோழி கொத்தினால்?

ஈரமண்:
கோழி கிளறினால் வித்து பறக்கும் என்பதுதான் தொல்லை. அள்ளும் வரை ஒரு பழைய கூடையைக் கவிழ்த்து வையுங்கள். மெக்சிகோவில் சில ஊர்களில் மனிதர்களே இதை வறுத்துத் தின்கிறார்கள், ‘நிலாவின் மலம்’ என்று பெயர் வைத்து. நீங்கள் முயல வேண்டாம், மரத்தூளோடு எது எது வந்ததோ.

பழி விஷயத்தில் பின்லாந்துக்காரர்கள் உங்களுக்கு நெருக்கம், அக்கா. சூனியக்காரிகள் பக்கத்து வீட்டுப் பாலைக் கெடுப்பதற்கு இதைப் பயன்படுத்துவார்கள் என்று அங்கே பழைய நம்பிக்கை. பழி நாயின் மேல் விழவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மல்லிகைத்தோட்டம்:
கரண்டியால் அள்ளிக் கட்டியாயிற்று. தூளைக் கிளறிவிட்டேன். மூன்று நாளாகப் புதிதாக எதுவும் இல்லை. அடுத்த முறை மரத்தூள் போடவே கூடாதா?

ஈரமண்:
தாராளமாகப் போடலாம். கனமாக அப்பாமல் மெல்லிசாகப் பரப்புங்கள், தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள். மழைக்காலத்தில் இன்னொன்று வந்தாலும் சில நாளில் தானே காய்ந்து உதிர்ந்துவிடும். சேச்சியிடம் சொல்லிவிட்டீர்களா?

மல்லிகைத்தோட்டம்:
பெயரையே சொல்லிக் காட்டினேன். “அப்படியானால் அதற்கும் என் நாயின் பெயர்தானா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய வாழையடியிலும் ஒன்று மஞ்சளாகக் கிளம்பியிருக்கிறது. எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இரண்டு நாளாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.