திருகோணமலையில் சனி, ஞாயிறு: காசு குறைவாக வைத்துக்கொண்டு எங்கே போகலாம்?

கொட்டகலையான்:

எல்லோருக்கும் வணக்கம். ஓகஸ்ட் பள்ளிக்கூட விடுமுறையில் குடும்பத்தோடு திருகோணமலைக்கு வரலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, அம்மா, ஏழு வயதிலும் பதினொரு வயதிலும் இரண்டு பிள்ளைகள். சொந்த வாகனம் இல்லை, கண்டி வந்து பஸ்தான். அம்மாவுக்குக் கோணேசர் கோயிலைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை, பிள்ளைகளுக்குக் கடல் இருந்தால் போதும். அறைக்கும் பஸ்ஸுக்கும் கொடுத்தது போக மிச்சம் பெரிதாக இருக்காது. இணையத்தில் தேடினால் திமிங்கிலம் பார்க்கப் படகு, புறாத்தீவுக்குப் படகு, ஆளுக்கு இவ்வளவு என்றுதான் வருகிறது, ஐந்து பேருக்குப் பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. டிக்கட் இல்லாமலோ சில்லறைக் காசோடோ பார்க்கக்கூடியவை என்ன இருக்கின்றன? அம்மாவுக்கு முழங்கால் வலி, நிறையப் படி ஏற முடியாது, அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

உவர்மலை அண்ணன்:

தம்பி, இங்கே பார்க்க வேண்டியதில் பாதிக்கு மேல் டிக்கட்டே கிடையாது. காசு போவது ஓட்டோவுக்கும் படகுக்கும்தான். அதனால் அறையை டவுனுக்குள்ளேயே எடுங்கள், கடற்கரையை ஒட்டிய சின்ன விடுதிகள் இருக்கின்றன. நிலாவெளியில் மலிவாக அறை இருக்கிறது என்று யாராவது சொன்னால், அங்கிருந்து ஒவ்வொரு தடவையும் டவுனுக்கு வந்து போகிற காசையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

முதல் நாள் காலை முழுவதையும் கோட்டைக்கே கொடுங்கள். பிரட்றிக் கோட்டைக்குள் போக ஒரு சதமும் வேண்டாம், அதற்குள்ளே இருக்கிற கோணேசர் கோயிலுக்கும் வேண்டாம், செருப்பு வைக்கிற இடத்தில் சில்லறை கொடுத்தால் சரி. வாசலில் உடனே உள்ளே ஓடிவிடாமல் கொஞ்சம் நில்லுங்கள். அந்த வாசல் கல்லில் இரட்டை மீன் செதுக்கியிருக்கிறது, பாண்டியர் சின்னம், பக்கத்தில் உடைந்துபோன தமிழ் எழுத்தும் இருக்கிறது. குளக்கோட்டன் என்கிற அரசன் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கி பிரிப்பான் என்று சொல்கிற பாட்டின் துண்டு அது. 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அந்தக் கல்லைக் கொண்டுதான் கோட்டை கட்டினார்கள், பாட்டுக் கல்லும் வாசலுக்கே வந்து சேர்ந்துவிட்டது! பதினொரு வயதுப் பிள்ளைக்கு இதைக் காட்டிச் சொல்லுங்கள், சரித்திரப் புத்தகத்தில் வருகிற போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அதற்குப் பிறகு பிள்ளைக்கு வெறும் பெயர்களாக இருக்க மாட்டார்கள். இந்தத் துறைமுகத்துக்காக அடிபடாத ஆளே இல்லை, 1782இல் மட்டும் ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் பிடித்தார்கள், அதே வருடம் ஓகஸ்ட்டில் பிரெஞ்சுக்காரர் வந்து அவர்களிடமிருந்து பிடித்தார்கள்.

வாசலிலிருந்து கோயில் வரை நல்ல வீதிதான், ஆனால் ஏற்றம். அம்மாவை ஓட்டோவில் மேலே அனுப்பிவிட்டு நீங்கள் பிள்ளைகளோடு மரநிழலில் மான்களைப் பார்த்துக்கொண்டு நடக்கலாம். மேலே கடைசியில் கொஞ்சம் படி இருக்கிறது, மெதுவாகப் பிடித்துக்கொண்டு ஏற்றலாம். காலைப் பூசைக்குப் போனால் கூட்டமும் குறைவு, வெயிலும் குறைவு. மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், அந்த நேரத்தில் போய் நின்று ஏமாறுகிறவர்கள் ஏராளம். சம்பந்தர் பாடிய தலம் என்றாலும் இப்போது நாம் பார்க்கிற கோயில் 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. அதற்கு முன்பு 1950இல் நகரசபை ஆட்கள் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து பழைய செப்பு விக்கிரகங்கள் கிடைத்தன, 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடியில் கடலுக்குள் சுழியோடியபோது பழைய கோயிலின் தூண்களைக் கண்டார்கள். இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம் நின்று கீழே பார்க்கும்போது இதெல்லாம் நினைவில் இருந்தால் அந்தப் பாறை வேறு மாதிரித் தெரியும். அங்கே ஒரு மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய சின்னச் சின்னத் தொட்டில்கள் தொங்கும். சின்னவன் விளையாட்டுச் சாமான் என்று இழுக்கப் பார்ப்பான், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. முகாம் பக்கம் கமெராவைத் திருப்ப வேண்டாம், கோயிலுக்குள்ளும் படம் எடுக்க விட மாட்டார்கள்.

டைக் வீதி:

அண்ணன் கோட்டையைச் சொல்லிவிட்டார், நான் பின்னேரத்தைச் சொல்கிறேன்.

ஒல்லாந்தர் குடா கடற்கரை. கோட்டையிலிருந்து நடக்கிற தூரம். நாலரை, ஐந்து மணிக்குப் பிறகு ஊரே அங்கேதான் இருக்கும். கச்சான், சுண்டல், இறால் வடை, ஐஸ்கிறீம் என்று தள்ளுவண்டிகள் வரும், பிள்ளைகள் மணலில் ஓடட்டும், அம்மா ஓரமாக உட்கார்ந்து காற்று வாங்கட்டும். மான் அங்கேயும் வரும். பழகிப்போன மான்கள் தம்பி, நீங்கள் பார்சலைப் பிரிக்கிற சத்தம் கேட்டால் பக்கத்தில் வந்து நின்று மூக்கால் பையை முட்டும், பிள்ளைகளுக்கு அது ஒரு பெரிய சந்தோசம். ஆனால் வடையும் பணிசும் கொடுக்காதீர்கள், ஷொப்பிங் பையைக் கீழே போடவே போடாதீர்கள், பொலித்தீன் தின்று மான் சாகிற செய்தி இங்கே அடிக்கடி வருகிறது.

ஒல்லாந்தர் குடாவில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம் என்று நிற்காதீர்கள், அது கிழக்குப் பார்த்த கடல், அங்கே உதயம்தான். மறைவதைப் பார்க்க வேண்டுமென்றால் உட்துறைமுக வீதிப் பக்கம் போங்கள். மலைகள் சூழ்ந்த துறைமுகம், தண்ணீர் அசையாமல் கிடக்கும், வள்ளங்களும் நேவிக் கப்பல்களும் தெரியும். எனக்கு இந்த ஊரிலேயே பிடித்த இடம் அதுதான், சுற்றுலா வருகிறவர்கள் ஏனோ அந்தப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. போகிற வழியில் பத்திரகாளி அம்மன் கோயில், வர்ணம் பூசின கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தாலே கழுத்து வலிக்கும், அம்மாவுக்குக் கட்டாயம் பிடிக்கும். அங்கே படிகூட இல்லை.

பழைய மயானங்களில் விருப்பம் உள்ளவர் என்றால் மைதானத்துக்குப் பக்கத்தில் பிரித்தானியர் காலத்து மயானம் ஒன்று இருக்கிறது. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி சாள்ஸ் ஆஸ்டின், கடற்படைத் தளபதியாக இருந்து 1852இல் பர்மாவில் இறந்தவர், அவரை இங்கே கொண்டுவந்துதான் புதைத்தார்கள். பிள்ளைகளுக்குச் சலிக்கும், நீங்கள் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் வேண்டாம் என்பது என் கருத்து. ஓகஸ்ட் மாதம், கச்சான் காற்று உடம்பை வறுக்கும், அந்த நேரத்தில் போய் வெந்நீரில் குளிக்கிறதா?

கிண்ணியா நானா:

டைக் வீதித் தம்பி சொல்வதில் கன்னியாக் கதையை மட்டும் நான் ஏற்க மாட்டேன். மலைநாட்டிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர் ஏழு வெந்நீர்க் கிணற்றையும் பார்க்காமல் போவதா? டிக்கட் இருக்கிறது, ஆனால் உள்ளூர் ஆட்களுக்கு அது ஒரு காசே இல்லை. அநுராதபுரம் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிக் கன்னியாச் சந்தியில் இறங்கினால் உள்ளே கொஞ்சத் தூரம் நடை, அம்மா வருவதென்றால் சந்தியிலேயே ஓட்டோ கேளுங்கள். சின்னச் சதுரக் கிணறுகள், பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றிலும் சூடு வித்தியாசம். பிள்ளைகள் ஒரு கிணற்றில் வாளியை விட்டு அள்ளி ஊற்றிவிட்டு 'ஆ' என்று கத்திக்கொண்டு அடுத்ததற்கு ஓடுவார்கள், அதுதான் அங்கே விளையாட்டு. விடியக் காலையிலேயே போய்விட்டால் கச்சான் காற்றும் இல்லை, கூட்டமும் இல்லை. சவர்க்காரம் கொண்டுபோக வேண்டாம். இராவணன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்று இந்து மக்கள் இறந்தவர்களுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்ய வருகிற இடமும் அதுதான், ஆடி அமாவாசை நாளில் போனால் நிற்கவும் இடம் கிடைக்காது, திகதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்குள்ள பிள்ளையார் கோயில் பிரச்சினையை இங்கே தொடங்க வேண்டாம், அதற்கு வேறு இடம் இருக்கிறது.

கன்னியா வரை வந்தவர் கையில் கொஞ்சம் காசு மிச்சம் இருந்தால் அதே ஓட்டோவைப் பேசிக்கொண்டு பெரியகுளம் பக்கம் வெல்கம் விகாரைக்குப் போய் வரலாம். சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் வைத்த பௌத்தப் பள்ளி, விளக்கெரிக்கப் பசுவும் காசும் கொடுத்தவர்களின் பெயர் தமிழிலேயே கல்லில் வெட்டியிருக்கிறது. தமிழர் கும்பிட்ட பௌத்தப் பள்ளி என்று சொன்னால் நம் பிள்ளைகளே நம்புகிறார்கள் இல்லை, போய் எழுத்தைப் பார்த்தால்தான் வாயை மூடுகிறார்கள். பஸ்ஸை நம்பி அங்கே போக வேண்டாம்.

எங்கள் ஊர்ப் பக்கமும் வாருங்கள். டவுனிலிருந்து கிண்ணியா பஸ்ஸில் ஏறினால் சீனக்குடா தாண்டிப் பாலம் வரும், கிட்டத்தட்ட 400 மீற்றர், 2009இல் திறந்தது. அதற்கு முன்பு பாதை, அதாவது மிதவைதான், நோயாளியை வைத்துக்கொண்டு இந்தக் கரையில் காத்துக்கிடந்த கதைகள் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. பின்னேரம் பாலத்தில் நின்றால் காற்று ஆளைத் தள்ளும், இரண்டு பக்கமும் தண்ணீர், கீழே வள்ளங்கள். பஸ் காசு மட்டும்தான் செலவு. திரும்பும்போது எருமைத் தயிர்ச் சட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கொட்டகலையான்:

எல்லோருக்கும் மிக்க நன்றி, அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், தொட்டில் மரத்தை மட்டும் இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னார். இன்னும் இரண்டு கேள்வி. பிள்ளைகளை இறக்கிக் குளிக்க வைக்க எந்தக் கடற்கரை நல்லது? நாங்கள் மலை ஆட்கள், ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. புறாத்தீவை விட்டுவிட்டால் பெரிய நட்டமா? பெரியவன் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறான்.

சாம்பல்தீவு அக்கா:

தம்பி, குளிக்க உப்புவெளிதான். நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை என்று எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் அந்த வழியாகத்தான் போகும். ஓகஸ்ட்டில் எங்கள் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், கொஞ்சத் தூரம் வரை ஆழமும் இல்லை. மாரியில் வந்தால் இதே கடலைக் கிட்டப் போய்ப் பார்க்கவும் பயமாக இருக்கும். ஆனாலும் நீச்சல் தெரியாதவர்கள் இடுப்புக்கு மேல் போக வேண்டாம், பிள்ளைகளோடு ஒரு பெரிய ஆள் தண்ணீருக்குள்ளேயே நிற்கட்டும், கரையில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டு காவல் காக்கிற வேலை வேண்டாம். ஆட்கள் குளிக்கிற இடத்திலேயே இறங்குங்கள், மணலில் உருண்டை உருண்டையாகச் சொறி, அதாவது ஜெலிமீன், ஒதுங்கிக் கிடந்தால் அன்றைக்குக் குளிப்பை விடுங்கள். காலையில் போனால் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் வரிசையாக நின்று இழுப்பார்கள், வலையின் மடி கரைக்கு வரும்போது சூடை மீன் வெள்ளியாகத் துள்ளும். உங்கள் பிள்ளைகள் கயிற்றைப் பிடித்தால் ஒருவரும் ஏச மாட்டார்கள், சிரிப்பார்கள். அதே வீதியில் இரண்டாம் உலகப் போர் மயானம் இருக்கிறது, டிக்கட் இல்லை, புல் வெட்டிப் பூச்செடி வைத்து அவ்வளவு துப்புரவாக வைத்திருக்கிறார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்ட கதையை அங்கே வைத்துப் பெரியவனுக்குச் சொல்லலாம்.

புறாத்தீவைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். நமக்கு டிக்கட் பெரிய காசு இல்லை, படகுதான் காசு. தனியாகப் பிடித்தால் கட்டாது, நிலாவெளிக் கரையில் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து போனால் பாதியாகும். ஆனால் அந்தத் தீவின் அழகு தண்ணீருக்குக் கீழேதான் இருக்கிறது. முகமூடி வாடகைக்கு எடுத்துத் தலையை உள்ளே விட்டுப் பார்க்கிறவனுக்குப் பவளப்பாறையும் மீனும் சின்னச் சுறாவும் தெரியும். நீச்சல் தெரியாத குடும்பம் போனால் கல்லிலே உட்கார்ந்துவிட்டு வருவதுதான், பயத்தில் பவளத்தின் மேல் ஏறி நின்று அதையும் உடைப்பார்கள். பெரியவன் நீச்சல் பழகிய பிறகு கூட்டிக்கொண்டு வாருங்கள்.

உவர்மலை அண்ணன்:

அக்கா சொன்னதுதான் சரி. மாபிள் பீச்சையும் விடுங்கள், அது விமானப்படை நடத்துவது, டிக்கட்டும் உண்டு, வாகனம் இல்லாமல் போய் வருவதும் பாடு. திமிங்கிலத்துக்குப் படகே வேண்டாம், அதிர்ஷ்டம் இருந்தால் கோணேசர் மலையில் நின்றே தூரத்தில் மூச்சு விடுவது தெரியும், ஆனால் அதற்கு மார்ச், ஏப்ரல்தான் நல்லது, ஓகஸ்ட்டில் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

சாப்பாட்டுக்குக் கடற்கரை விடுதிகளுக்குப் போகாமல் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் காலைக்கு இடியப்பமோ தோசையோ, மத்தியானத்துக்கு மீன் குழம்போடு சோறு, இரவுக்குக் கொத்து. சோறு வாங்கினால் அம்மாவும் சின்னவனும் ஒரு பார்சலைப் பகிர்ந்து சாப்பிடலாம், அவ்வளவு போடுவார்கள்.

அப்புறம், கண்டியிலிருந்து பகல் பஸ்ஸிலேயே வாருங்கள். இரவு பஸ்ஸில் வந்தால் ஒரு பகல் மிச்சம் என்று நினைப்பீர்கள், ஆனால் தம்புள்ளை, ஹபரணை தாண்டிக் கந்தளாய் வரை காடு, யானை வீதியோரம் நிற்பதைப் பஸ்ஸிலிருந்தே பார்க்கக் கிடைக்கும், பிள்ளைகளை இடப்பக்கமும் வலப்பக்கமும் பிரித்து உட்கார வையுங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து சேர்ந்தால் சனி விடியவே கோட்டைக்குப் போகலாம், அம்மாவுக்கும் முழங்கால் ஆறியிருக்கும்.

கொட்டகலையான்:

அப்படியென்றால் வெள்ளி காலையிலேயே புறப்படுகிறோம் அண்ணா. சனி கோட்டையும் ஒல்லாந்தர் குடாவும், ஞாயிறு விடியக் கன்னியா, பிறகு உப்புவெளி. கிண்ணியாவுக்கு நேரம் வருமா தெரியவில்லை, நானா கோபிக்க வேண்டாம்.

கிண்ணியா நானா:

கோபம் எல்லாம் இல்லை தம்பி. தயிரைக் கந்தளாயில் வீதியோரத்திலும் வாங்கலாம், ஆனால் சட்டியை மேல் தட்டில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு போங்கள், கண்டி தாண்டினால் வளைவு.