விலை குறைந்த ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்கள் ஏன் மறைகின்றன? நம் மலைப்பாதைக்கு எதை எடுக்கலாம்?

குன்னூர்_வளைவு

வணக்கம். 1990-களில் ஐரோப்பாவில் மாதச் சம்பளக்காரர் வாங்கக்கூடிய விலையில் எத்தனை ஸ்போர்ட்ஸ் கார்கள்! ஃபியட் கூபே, பார்கெட்டா, ஓப்பல் கலிப்ரா, டிக்ரா, ஃபோர்டு பூமா, எம்ஜி எஃப். பிறகு பெஜோ ஆர்சிஇசட், ஃபோக்ஸ்வாகன் சிரோக்கோ. இன்று பூமா என்ற பெயரை ஒரு கிராஸ்ஓவர் (எஸ்யூவி போல உயர்ந்த கார்) சுமக்கிறது. 2024-ல் கேப்ரி பெயரும் மின்சார கிராஸ்ஓவருக்குப் போய்விட்டது. ஆடி டிடி உற்பத்தி 2023 நவம்பரோடு நின்றது. வாங்குபவர்களின் ரசனை மாறியதா, சட்டம் நெருக்கியதா? புதிதாக வருபவை எல்லாம் ஏன் உயரமாக, மூக்கு பருத்து இருக்கின்றன?

இன்னொன்று. குன்னூர்–மேட்டுப்பாளையம், கோத்தகிரி சாலை, எப்போதாவது ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டி. இந்தப் பாதைகளுக்குப் பழைய வண்டி எடுப்பதானால் இரண்டாம் தலைமுறை டிடி, போலோ ஜிடிஐ, அபார்த் புன்டோ மூன்றும் மனதில் இருக்கின்றன. வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கொடநாடு_கூபே

ரசனையும் மாறியது. ஆனால் ரசனை மட்டும் என்றால் எண்ணிக்கை குறைந்திருக்கும், இப்படித் துடைத்தெடுத்த மாதிரி ஆகியிருக்காது.

முதலில் கார்பன் கணக்கு. 2020-21 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய கார்களின் சராசரிப் புகை கிலோமீட்டருக்கு 95 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்று இலக்கு வைத்தார்கள். நிறுவனத்தின் சராசரி தன் இலக்கைத் தாண்டினால், ஒவ்வொரு கிராமுக்கும் விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம். 150 கிராம் விடும் ஒரு சின்ன கூபேயை (இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார்) தனியாக எடுத்துத் தோராயமாகப் போடுங்கள்: 55 கிராம் × 95 = 5,225 யூரோ. அதே நிறுவனம் மின்சாரக் கார் விற்று ஈடுகட்டலாம், ஆனால் அந்தச் சலுகையை லாபம் குறைந்த வண்டியில் செலவழிக்க யாரும் விரும்ப மாட்டார்கள். 70,000 யூரோ காரில் இந்தத் தொகையைக் கரைத்துவிடலாம். 25,000 யூரோ காரில் கரைக்க இடமே இல்லை. இன்னொரு வேதனை, நிறுவனத்தின் சராசரி எடை கூடினால் அதன் இலக்கு சற்றுத் தளர்ந்தது. எடை குறைவாகக் கட்டியதற்கு எந்தப் பரிசும் இல்லை.

அதற்கு மேல் நாட்டுக்கு நாடு வரி. பிரான்ஸில் புகைக்கான பதிவு வரியின் உச்சம் 2024-ல் 60,000 யூரோ, 2025-ல் 70,000 யூரோ. டொயோட்டா ஜிஆர்86 சுமார் 200 கிராம் விடும் வண்டி. காரின் விலையைவிட வரி அதிகம்.

மூன்றாவதுதான் கழுத்தை நெரித்தது. 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவாகும் எல்லாப் புதிய கார்களிலும் வேக வரம்பைப் படித்து எச்சரிக்கும் கருவி, தானியங்கி அவசர பிரேக், தடம் விலகாமல் பிடிக்கும் அமைப்பு, ஓட்டுநர் சோர்வைக் கண்டறியும் அமைப்பு எல்லாம் இருக்க வேண்டும். ஜிஆர்86-க்கு அந்த கேமராக்களையும் கருவிகளையும் பொருத்த உடலையே மாற்ற வேண்டியிருந்தது. அதனால் ஐரோப்பாவில் இரண்டே ஆண்டு விற்று நிறுத்தினார்கள். போர்ஷே 718 பாக்ஸ்டரும் கேமனும் அதே ஜூலையில் போயின. அங்கே சிக்கல் சைபர் பாதுகாப்பு விதி: பழைய மின்னணு அமைப்பை அடியிலிருந்து மாற்றாமல் விதிக்குள் கொண்டுவர முடியாது. மாஸ்டா எம்எக்ஸ்-5 பிழைத்தது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2 லிட்டர், 184 குதிரைத்திறன் எஞ்சினை எடுத்துவிட்டு 1.5 லிட்டர், 132 மட்டும் வைத்திருக்கிறார்கள். மலைக்கு அதுவே போதும் என்பது என் கருத்து.

விற்பனையின் போக்கையும் மறக்கக் கூடாது. குடும்ப ஹேட்ச்பேக் ஏழு வருடம் ஏறக்குறைய ஒரே சீராக விற்கும். கூபே முதல் இரண்டு வருடம் பறந்து, பிறகு விழும். தகடு அடிக்கும் அச்சுகளின் செலவு திரும்புவதற்குள் சந்தை அடுத்த புதுமுகத்துக்குப் போய்விடும். கோல்ஃப் ஜிடிஐ மாதிரி வண்டி அதே வேகத்தை ஐந்து இருக்கையோடும் பெரிய டிக்கியோடும் கொடுத்தபோது, இரண்டு கதவுக்காரனுக்கு இருந்த நியாயமும் சுருங்கிவிட்டது.

வெலிங்டன்_வரைபலகை

வடிவத்தைப் பற்றி நான் சொல்கிறேன். எல்லாம் எஞ்சினை மூடும் பானட்டில் தொடங்குகிறது.

பாதசாரியின் தலை பானட்டில் மோதினால் தகடு உள்ளே மடங்க வேண்டும். எஞ்சின் தலைக்கும் தகட்டுக்கும் நடுவே வெற்றிடம் இல்லையென்றால் மண்டை நேராக இரும்பில் மோதும். எனவே பானட்டை உயர்த்த வேண்டும், அல்லது மோதிய கணத்தில் வெடிமருந்து விசையால் பானட்டின் பின்பக்கம் மேலெழ வேண்டும். ஐரோப்பாவில் விற்கும் இப்போதைய எம்எக்ஸ்-5 இரண்டாவது வழியை எடுத்ததால்தான் அதன் மூக்கு இன்னும் தாழ்வாக இருக்கிறது. அது விலை பிடித்த வழி.

மூக்கு உயர்ந்தால் ஜன்னல் கோடும் உயர வேண்டும், இல்லையென்றால் முன்பக்கம் மட்டும் வீங்கித் தெரியும். பக்கவாட்டில் தகட்டின் பரப்பு கூடிவிட்டால் பழைய சக்கரம் பொம்மைச் சக்கரம் போல ஆகிவிடும். உடனே சக்கரம் 18, 19 அங்குலம். இப்படி ஒன்று இன்னொன்றை இழுக்கிறது. 1989-ல் வந்த முதல் எம்எக்ஸ்-5 ஒரு டன்னுக்கும் குறைவு, டயர் 185/60 ஆர்14. திறந்து மூடும் அதன் கண் விளக்குகள் 1998-ல் வந்த இரண்டாம் தலைமுறையிலேயே போய்விட்டன.

அந்தக் காலத்து வடிவமைப்பாளர்கள் சாதாரணக் காரின் மலிவான தளத்தில் (அடிக்கட்டமைப்பில்) என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். 1993-ன் ஃபியட் கூபேயில் கிறிஸ் பேங்கிள் சக்கர வளைவுகளுக்கு மேல் கத்தியால் கீறியது போல இரண்டு சாய்கோடு போட்டார். உள்ளே டாஷ்போர்டின் குறுக்கே உடல் நிறத்திலேயே ஒரு பட்டை, அது இத்தாலிய வடிவமைப்பு நிறுவனம் பினின்ஃபரினாவின் வேலை. ஆர்சிஇசட்டின் கூரையும் பின்கண்ணாடியும் இரட்டைக் குமிழாக வளைந்தவை. 1997-ன் பூமா ஃபியஸ்டா தளம்தான், ஆனால் யமஹா கைவைத்த 1.7 லிட்டர், 125 குதிரைத்திறன் எஞ்சின். இந்த வரிசையில் மிக நேர்த்தியான உடல் பூமாதான் என்று அடித்துச் சொல்வேன். முன் சக்கர வளைவிலிருந்து கதவு வரை ஓடும் கோட்டில் தேவையற்ற ஒரு மடிப்பு கிடையாது.

அழகுக்கு விலையும் கொடுத்திருக்கிறார்கள். முதல் டிடி-யின் வழவழப்பான பின்பக்கம் ஆட்டோபான் வேகத்தில் காற்றில் மேலெழுந்து பிடிமானம் இழந்தது. விபத்துகளுக்குப் பிறகு வண்டிகளைத் திரும்ப அழைத்து ஸ்பாய்லர், இஎஸ்பி (சறுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பு), சஸ்பென்ஷன் மாற்றம் எல்லாம் சேர்த்தார்கள்.

மின்சாரத்துக்குப் போனாலும் சிக்கல் தீராது. பேட்டரி தரையில் படுத்தால் இருக்கை உயரும், இருக்கை உயர்ந்தால் கூரை உயரும். எம்ஜி சைபர்ஸ்டர் மெல்லிய பேட்டரியால் அதைச் சமாளிக்கிறது, ஆனால் எடை கிட்டத்தட்ட 1,900 கிலோ.

கல்லட்டி_இரண்டாம்_கியர்

வாங்கும் விஷயம் என் பக்கம்.

ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம். டர்போ இல்லாத எஞ்சின் ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். நீங்கள் சொன்ன வண்டிகளில் டர்போ இருப்பதால் பெரும்பகுதி ஈடாகிவிடும், ஆனால் டர்போ கூடுதலாகச் சுழன்று சூடாகும். ஏறி முடித்ததும் எஞ்சினை உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள்.

டிடி: 200 குதிரைத்திறன் வண்டியில் டைமிங் பெல்ட் உண்டு. அதோடு உயர் அழுத்த பெட்ரோல் பம்ப்பைத் தள்ளும் சின்ன கிண்ணம் ஒன்று, வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டில் உரசித் தேயும். தேய்ந்து ஓட்டை விழுந்தால் கேம்ஷாஃப்டும் போச்சு. கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், கறுப்புப் பூச்சு போய் வெள்ளி தெரிந்தால் மாற்றியாக வேண்டும். 211 குதிரைத்திறன் வண்டியில் செயின். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சில வினாடி கடகடவென்று சத்தம் வந்தால் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் சந்தேகம். அது ஆயில் குடிக்கும் எஞ்சினும்கூட, டிப்ஸ்டிக் பாருங்கள். குவாட்ரோ (நான்கு சக்கர இயக்கம்) என்றால் பின் சக்கரங்களுக்குச் சக்தி அனுப்பும் ஹால்டெக்ஸ் கிளட்சின் ஆயில் 60,000 கிலோமீட்டருக்குள் மாற்றிய ரசீது வேண்டும்.

போலோ ஜிடிஐ: 1.8 லிட்டர், 192 குதிரைத்திறன், 7 கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸ்). எஞ்சின் நல்லது. தண்ணீர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் இருக்கும் பிளாஸ்டிக் கூடு கசியும், சுற்றிலும் இளஞ்சிவப்பு உப்பு படிந்திருந்தால் அதுதான். பெரிய கவலை கியர்பாக்ஸ். கிளட்ச் ஆயிலில் மூழ்காத உலர் வகை. சீசன் நேரத்தில் பர்லியார் தாண்டி ஏற்றத்தில் வரிசை ஊரும்போது பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டராலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தினால், கிளட்ச் பாதி பிடிப்பில் தேய்ந்து சூடாகும், பிறகு நடுங்கும். முன்வண்டி ஒரு வண்டி நீளம் நகரும்வரை பிரேக்கில் நின்று, பிறகு ஒரே மூச்சில் நகர்த்துங்கள். வாங்குமுன் ஏற்றத்தில் மெதுவாக ஊர்ந்து பாருங்கள். முதல் கியரில் உதறினால் விட்டுவிடுங்கள்.

அபார்த் புன்டோ: 145 குதிரைத்திறன், 5 கியர் மேனுவல், நான்கு சக்கரத்திலும் டிஸ்க், 155 மில்லிமீட்டர் தரை இடைவெளி. என் தேர்வு இதுதான். பெல்ட், டென்ஷனர், தண்ணீர் பம்ப் மூன்றும் ஒன்றாக மாற்றிய ரசீது கேளுங்கள். உதிரிப் பாகம் தேட வேண்டிவரும், எனவே முகப்பு விளக்கும் பம்பரும் உடையாத வண்டியாக எடுங்கள்.

குன்னூர்_வளைவு

மிக்க நன்றி அண்ணா. இறக்கத்தில் பிரேக், டயர் பற்றியும் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து பழைய எம்எக்ஸ்-5 இறக்க வழி உண்டா? துணிக்கூரை இங்கே தாங்குமா?

கல்லட்டி_இரண்டாம்_கியர்

இறக்குமதி: பழைய கார் என்றால் தயாரித்து 3 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். பழைய எம்எக்ஸ்-5 அதிலேயே அடிபட்டுப் போகிறது தம்பி.

பிரேக்: டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பின் அந்த வரம்பு 155-க்கு இறங்கும். நம் மூடுபனியில் இரண்டு வருடத்துக்கு மேல் விடாதீர்கள். கல்லட்டியின் 36 வளைவும் முதல், இரண்டாம் கியரில்தான். டிஎஸ்ஜி என்றால் மேனுவலில் போட்டு இறங்குங்கள், டி-யில் விட்டால் மேல் கியருக்கு ஏறி சுமை முழுவதும் பிரேக்குக்கு வந்துவிடும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் ஆயில் கொதித்துவிட்டது என்று பொருள். கியரைக் குறைத்து, ஓரம் கட்டி, ஆறவிட்டுத்தான் நகர வேண்டும். நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் (டிஎஸ்ஜி என்றால் பி-யில்) விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

டயர்: 245/40 ஆர்18 என்றால் பக்கச்சுவர் 98 மில்லிமீட்டர். 195/55 ஆர்16 என்றால் 107. நம் குழிகளில் அந்த 9 மில்லிமீட்டர் அலாய் நெளியாமல் காக்கும்.

துணிக்கூரை தாங்கும், வடிகால் தாங்காது. எம்எக்ஸ்-5 வகை வண்டிகளில் இருக்கைக்குப் பின்னால் கூரை மடியும் இடத்தில் இரண்டு பக்கமும் வடிகால் துளை உண்டு. சில்வர் ஓக் இலை அடைத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழுள்ள பெட்டிச் சட்டத்தில் இறங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். முதல் தலைமுறை பிஎம்டபிள்யூ இசட்4-ல் கூரையைத் தூக்கும் மோட்டாரே அந்த வடிகாலின் பக்கத்தில் கீழே இருப்பதால் மூழ்கிச் செத்துவிடும். பருவமழைக்கு முன்னும் பின்னும் வளையும் நைலான் கம்பியை மெதுவாக விட்டு எடுங்கள், பிறகு அரை லிட்டர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வண்டிக்கு அடியில் இரண்டு பக்கமும் சொட்டினால்தான் திறந்திருக்கிறது.