செனான் வாயு பற்றித் தெரிந்தவர்கள் உண்டா?

அண்ணன்மார், அக்காமார், ஒரு உதவி வேணும். அக்கா மகன் நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்தில் 5000 மீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிறான். அவனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்திருக்கிறது: மாஸ்க் மாட்டிய ஒருத்தர், பக்கத்தில் சிலிண்டர், 'செனான் இழுத்தால் ஸ்டாமினா கூடும்'. விலை மட்டும் போடவில்லை, இன்பாக்ஸுக்கு வரணுமாம்.

நான் தேடிப் படித்தவரை, செனான் ஒரு மயக்க மருந்து. காற்றில் கோடியில் ஒரு பங்குகூடத் தேறாது, அதனால் விலை தாறுமாறு. அதைச் சுவாசித்தால் உடம்பில் ஹெச்ஐஎஃப் என்ற புரதம் தூண்டப்பட்டு, ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் இபிஓ ஹார்மோன் கொஞ்ச நேரத்துக்குக் கூடுமாம். ஆனால் ஓட்டம் வேகமாகும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. 2014 சோச்சி ஒலிம்பிக் சமயத்தில் ரஷ்ய வீரர்கள் பயன்படுத்தியதாகச் செய்தி வந்து, அதே வருஷம் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடா (WADA) அதைத் தடை செய்துவிட்டது. ஆக்சிஜன் கலப்பு சரியில்லையென்றால் மூச்சே நின்றுபோகும். இதையெல்லாம் சொன்னால், 'மாமா, அது மருந்தில்ல, காத்துதானே' என்கிறான்!

நான் சொன்னால் கேட்கமாட்டான். மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம், இல்லையென்றால் திருவனந்தபுரத்தில், விளையாட்டு மருத்துவம் பார்க்கும் நல்ல டாக்டர் யாராவது உண்டா? அப்புறம், ஊட்டி மாதிரி உயரமான இடத்தில் தங்கிப் பயிற்சி எடுத்தவர்கள் இருந்தால், எத்தனை வாரம் இருந்தீர்கள், செலவு எவ்வளவு ஆனது என்று சொல்லுங்கள். சிவப்பணுக்களைக் கூட்ட அதுவாவது நேர்வழி. சிலிண்டர் விற்கிறவர்கள் தயவுசெய்து இன்பாக்ஸுக்கு வரவேண்டாம்.