பாவசங்கீர்த்தனம்: தொட்டியிலா, எதிரெதிர் நாற்காலியிலா?

கடலோரத்துப் பெண்

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

நான் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடலோர ஊர்க்காரி. வேலைக்காகச் சென்னை வந்து, புறநகரில் ஒரு பங்கில் சேர்ந்திருக்கிறேன். ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பாடற்குழுவில் பாடுகிறேன். பாவசங்கீர்த்தனம் என்றால் குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. சமீபத்தில் கோவிலைப் புதுப்பித்தபோது அதற்கான பழைய தொட்டியை, குரு உள்ளே உட்கார்ந்து தடுப்பு வழியாகக் கேட்கும் மரக்கூண்டை, எடுத்துவிட்டார்கள். இப்போது அதற்குப் பதில் ஒரு சின்ன அறை. கண்ணாடிக் கதவு, எதிரெதிராக இரண்டு நாற்காலி, நடுவில் முக்காலி மேல் பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம்).

அங்கே உட்கார்ந்தால் எனக்குப் பேச்சே வரவில்லை. ஒரு பாவத்தைச் சொன்னதும் ஃபாதரின் புருவம் அசைகிறதா என்றுதான் பார்க்கிறேன். அதற்கு ஏற்றமாதிரி அடுத்ததை எப்படிச் சொல்லலாம் என்று மனசு கணக்குப் போடுகிறது. ஊரில் இப்படி இருந்ததில்லை. தொட்டியின் பக்கவாட்டில் முழங்கால் போட்டுத் துளைப் பலகையில் வாயை வைத்தால், உள்ளே எந்தச் சாமியார் (குரு) என்ற நினைப்பே வராது, ஆண்டவரிடம்தான் பேசுகிறேன் என்று இருக்கும். எங்கள் பாட்டி முக்காட்டை இழுத்துப் பலகையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வாள். அடுத்து நிற்கும் எனக்குக்கூட அவள் சத்தம் கேட்காது.

எங்கள் பங்குத்தந்தை தங்கமானவர். பாடல் பயிற்சி முடிந்ததும் எங்களோடு உட்கார்ந்து டீ குடிப்பார். அவரை இவ்வளவு தெரிந்திருப்பதுதான் எனக்குக் கஷ்டம். அதனால் ஈஸ்டருக்கு முந்தைய இந்தத் தவக்காலத்தில் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோவிலுக்குப் போய், முன்பின் தெரியாத ஒரு சாமியாரிடம் செய்துவிட்டு வந்தேன். மனசு லேசாகிவிட்டது. ஆனால் பாடற்குழுத் தோழி ஒருத்தி, "முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கப்பட்டால் அது உண்மையான மனஸ்தாபமே (பாவத்துக்காக வருந்துவதே) இல்லை" என்கிறாள். அன்றிலிருந்து அதே யோசனை.

நீங்கள் எல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்? தடுப்பு வேண்டும் என்று பங்குத்தந்தையிடம் கேட்டால் அவர் மனம் வருந்துவாரா?

துபாய்வாசி

சகோதரி, எனக்கு நேர் எதிர். நாற்காலிதான் வேண்டும்.

முதல் காரணம் காது. இடது காது மந்தம். தொட்டிக்குள் சாமியார் முணுமுணுப்பதில் பாதி விழாது, என்ன அபராதம் (பாவத்துக்குப் பரிகாரமாகச் செய்யச் சொல்வது) கொடுத்தார் என்று தெரியாமலே எழுந்து வந்திருக்கிறேன். எதிரே உட்கார்ந்தால் உதட்டைப் பார்த்தாவது புரிந்துகொள்வேன். இரண்டாவது, "உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன" என்பதை ஒரு மனித முகம் எனக்குச் சொல்ல வேண்டும். 2014 மார்ச்சில் போப் பிரான்சிஸ் பேதுரு பேராலயத்தில் எல்லாரும் பார்க்க ஒரு சாதாரணக் குருவின் முன் முழங்காலிட்டாரே, அந்தப் படத்தைப் பாருங்கள். பக்கத்துத் தடுப்புக்குப் போகாமல் முன்பக்கம், முகத்துக்கு நேரேதான் இருக்கிறார்.

எனக்கு நாற்காலியைவிடப் பெரிய விஷயம் மொழி. இங்கே புனித மரியன்னை ஆலயத்தில் தமிழ்ப் பூசை உண்டு. அந்தப் பூசைக்கு முன்னால் தமிழ்ச் சாமியார் கிடைப்பாரா என்று காத்திருந்து செய்வேன். ஆங்கிலத்தில் சொன்னால் என் பாவம் ஏதோ அலுவலக அறிக்கை மாதிரி ஆகிவிடுகிறது. என் தாயோடு எந்த மொழியில் சண்டை போட்டேனோ அந்த மொழியில்தான் அதைச் சொல்ல முடியும்.

பழைய உபதேசியார்

மகளே, திண்டுக்கல் பக்கத்துப் பங்கு ஒன்றில் நெடுங்காலம் உபதேசியாராக, அதாவது ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவனாக, இருந்தவன் நான். பிள்ளைகளைப் புது நன்மைக்கு (முதல் தடவை நற்கருணை வாங்குவதற்கு) தயாரித்திருக்கிறேன், ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் பாவசங்கீர்த்தன வரிசையை ஒழுங்குபடுத்தியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உன் தோழி சொன்னதை மனசிலிருந்து எடுத்துப் போடு.

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும் என்று சின்ன வயதில் படித்திருப்பாய். பாவங்களை நினைத்துப் பார்ப்பது, மனஸ்தாபப்படுவது, இனிச் செய்வதில்லை என்று பிரதிக்கினை செய்வது, குருவிடம் சொல்வது, அவர் தந்த அபராதத்தைத் தீர்ப்பது. இந்த ஐந்தில் முகத்தைக் காட்டுவது எங்கே இருக்கிறது? வெட்கம் வருவது இயல்பு. வெட்கத்தோடு முழுசாகச் சொல்கிறவள், வெட்கமே இல்லாமல் பாதி சொல்கிறவளைவிட ஆயிரம் மடங்கு மேல்.

தடுப்பு கேட்பது உன் உரிமை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 964ஆம் எண்ணில் இது இருக்கிறது. குருவுக்கும் பாவசங்கீர்த்தனம் செய்பவருக்கும் நடுவே நிலையான தடுப்பு உள்ள தொட்டி, எல்லாரும் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும். விரும்புகிறவர்கள் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். நாற்காலியைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் தொட்டியை எடுத்துவிட்டு நாற்காலியை மட்டும் வைப்பது சரியில்லை, நான் இதில் உறுதியாக இருக்கிறேன். குருவுக்கும் இதில் பாதுகாப்பு உண்டு. தகுந்த காரணம் இருந்தால், பாவசங்கீர்த்தனம் செய்பவர் எதிரே உட்கார விரும்பினாலும், தடுப்புக்குப் பின்னால்தான் கேட்பேன் என்று அவர் சொல்லலாம். 1998இல் ரோமிலிருந்தே இதைத் தெளிவுபடுத்தினார்கள்.

உன் பாட்டியின் பழக்கத்துக்கும் காரணம் உண்டு. 1917ஆம் ஆண்டுப் பழைய சட்டப்படி, நோய் மாதிரி அவசியம் இருந்தால் தவிர, பெண்களின் பாவசங்கீர்த்தனத்தைத் தொட்டிக்கு வெளியே கேட்கக் கூடாது. ஆண்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, வீட்டில்கூடக் கேட்கலாம். என் சின்ன வயதில் ஆண்கள் தொட்டியின் முன்பக்கம் சாமியாரின் முழங்காலுக்கு நேரே போய் மண்டியிடுவார்கள், பெண்கள் இரண்டு பக்கமும் துளைப் பலகைக்குப் போவார்கள். தொட்டிக்கு இப்படி ஓர் ஒழுங்கான அமைப்பைக் கொண்டுவந்தவர் 16ஆம் நூற்றாண்டில் மிலான் பேராயராக இருந்த புனித சார்லஸ் பொரோமியோ. பெண்களின் மானத்தையும் குருக்களின் பெயரையும் காப்பதற்காகவே அந்தத் தடுப்பு. இன்றைய நிலவரத்தில் அந்தக் காரணம் கொஞ்சமும் குறையவில்லை. 1973இல் புதிய சடங்குமுறை வந்த பிறகுதான் எதிரெதிர் நாற்காலி பரவியது. அதையும் நான் குறை சொல்லமாட்டேன். துபாய்த் தம்பி மாதிரி காது மந்தமானவர்களுக்கும், அழுதுகொண்டே வருகிறவர்களுக்கும் அது பெரிய உதவி.

வேறு கோவிலுக்குப் போனாயே, அதுவும் தவறில்லை. எந்தக் குருவிடம் செய்வது என்பது உன் சுதந்திரம், 991ஆம் எண் அதைச் சொல்கிறது. எங்கள் ஊரிலிருந்து பூண்டி, வேளாங்கண்ணி மாதா கோவில்களுக்குப் போகிறவர்களில் எத்தனையோ பேர் அங்கேதான் வருடக்கணக்கில் சுமந்ததை இறக்கி வைப்பார்கள். திரும்பி வரும்போது பார்த்தாலே தெரியும். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறவர்கள் ஒரே சாமியாரிடம் போவது நல்லது. முன்பின் தெரியாதவர் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிப்பார், தெரிந்தவர்தான் வேர் எங்கே என்று பார்ப்பார். தடுப்புக்குப் பின்னால் இருந்துகொண்டே ஒரே சாமியாரிடம் போகலாமே.

இன்னொன்று, உன் கடலோரத்துக்கே சொந்தமான பெருமை. தமிழில் முதலில் அச்சேறிய நூல்களிலேயே ஒன்று பாவசங்கீர்த்தனத்துக்கானது. உங்கள் கரையான முத்துக்குளித்துறையில் உழைத்த போர்த்துக்கீசியக் குரு அன்றீக் அடிகளார் அதை 1580இல் கொச்சியில் அச்சிட்டார். ஆத்தும சோதனை செய்து ஆயத்தமாக வர வேண்டும் என்பதற்கு அவ்வளவு முக்கியம் கொடுத்திருக்கிறார்கள். நாற்காலியா தொட்டியா என்று நாம் பேசுகிற அளவுக்கு அந்த ஆயத்தத்தைப் பற்றி இப்போது யார் பேசுகிறார்கள்?

எந்த இடத்தில் ஒன்றையும் விடாமல் சொல்ல முடிகிறதோ அங்கே போ, மகளே.

மதுரை அக்கா

எங்கள் மாமியார் படுத்த படுக்கை. முதல் வெள்ளியன்று சாமியார் வீட்டுக்கே நன்மை (நற்கருணை) கொண்டுவருவார். ஒரே அறை உள்ள வீடு, தொட்டிக்கும் நாற்காலிக்கும் எங்கே போவது? சாமியார் வந்ததும் நாங்கள் எல்லாரும் தெருவுக்கு வந்துவிடுவோம். போகும்போது என் வீட்டுக்காரர் டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு வருவார், அத்தை பேசுவது வாசலுக்குக் கேட்கக் கூடாதென்று. காது கேளாத அத்தை கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவார். இடம் எதுவானாலும் பரவாயில்லை, அடுத்தவர் காதில் விழாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை. திருவிழாக் கூட்டத்தில் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கிறார்களே, அங்கே நான் போகவே மாட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் போவேன்.

பழைய உபதேசியார்

மதுரைத் தங்கச்சி சொன்னது நல்ல விஷயம். தற்செயலாகக் காதில் விழுந்தாலும், கேட்டவர் அதை வெளியே சொல்லக் கூடாது. குருவைப் போலவே அவருக்கும் இரகசியம் காக்கும் கடமை உண்டு, சட்டத்திலேயே இருக்கிறது. வரிசையில் நிற்பவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

கடலோரத்துப் பெண்

ஐயா, ரொம்ப நன்றி. அந்த ஐந்து காரியத்தை என் தோழிக்கு அனுப்பிவிட்டேன். பங்குத்தந்தையிடம் எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. திரும்பவும் தொட்டி செய்ய நிறைய செலவாகுமே?

பழைய உபதேசியார்

தொட்டி எதற்கு? அந்த அறையிலேயே முடித்துவிடலாம். முழங்கால் போடும் பலகை ஒன்று, அதன் மேல் முகம் மறையும் உயரத்துக்கு ஒரு மரச்சட்டம். சட்டத்தில் துளைப் பலகையை ஆணி அடித்து நிறுத்தி, குரு பக்கம் ஊதா நிறத்தில் மெல்லிய துணி. ஆடாமல் நிற்க வேண்டும், அதற்குத் தரையோடு சேர்த்து இறுக்கிவிடலாம். பங்கில் ஒரு தச்சராவது இருப்பார். வேண்டிய ஆள் அந்தப் பக்கம் போகட்டும், மற்றவர்கள் நாற்காலியில் உட்காரட்டும்.

ஃபாதரிடம் தனியாகப் போய்ப் புகார் மாதிரி சொல்லாதே. "பாட்டிமார்கள் பழகியது ஃபாதர், எனக்கும் அதுதான் வருகிறது" என்று சொல். வயதான அம்மாக்கள் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது, அவர்களும் உன்னைப் போலவே தவித்துக்கொண்டிருப்பார்கள். மரச் செலவைப் பாடற்குழுவே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிப் பார்.