எட்வர்ட் கோக் கொடிவழி: ஆண்டும் பெயரும் நூலுக்கு நூல் மாறுவது ஏன்?

கொடிவழி (கேள்வி)

சர் எட்வர்ட் கோக்கின் குடும்பக் கொடிவழியை வரைகிறேன். எலிசபெத், முதலாம் ஜேம்ஸ், முதலாம் சார்லஸ் என மூன்று ஆட்சிகளிலும் வழக்கறிஞராக, நீதிபதியாக, நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர் அவர்தான். மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டேன். பிறந்த ஆண்டு ஒரு நூலில் 1551, இன்னொன்றில் 1552. மனைவி எலிசபெத், மகள் எலிசபெத் என்று வருகிறது. அந்த மனைவியையே வேறு இடத்தில் ஹாட்டன் சீமாட்டி என்கிறார்கள். மகள் ஃப்ரான்ஸிஸின் திருமணத்தை 'அரசியல் பேரம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். உண்மையில் நடந்தது என்ன? தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

பழைய நாட்காட்டி

முதலில் ஆண்டுக் குழப்பம். அன்றைய இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு பிறந்தது மார்ச் 25 அன்று. அதனால் ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான நாட்களைப் பழைய ஆவணங்கள் முந்தைய ஆண்டின் கணக்கிலேயே எழுதும். கோக் பிறந்தது பிப்ரவரி 1. அன்றைய கணக்கில் 1551, நம் கணக்கில் 1552. இரண்டும் சரியே. கொடிவழியில் 1551/52 என்று சாய்கோடு போட்டு எழுதுங்கள், பிறகு யாரும் 'திருத்த' வரமாட்டார்கள்.

இதைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெடிமருந்துச் சதி (நாடாளுமன்றத்தையும் அரசரையும் வெடிவைத்துத் தகர்க்கும் திட்டம்) வழக்கைப் பாருங்கள். சதி பிடிபட்டது 1605 நவம்பர் 5. கோக் அரசுத் தலைமை வழக்கறிஞராக நின்று வாதாடிய விசாரணை நம் கணக்கில் 1606 ஜனவரி 27. பழைய ஏட்டில் அது '1605 ஜனவரி 27' என்று இருக்கும். அப்படியே எடுத்து எழுதினால் சதி நடப்பதற்கு முன்பே விசாரணை முடிந்துவிடும். அவர் மக்களவைச் சபாநாயகரான 1593 பிப்ரவரியும் இதே மாதிரிதான், பழைய கணக்கில் 1592.

ஆட்சியாண்டிலும், அதாவது அரசர் பதவியேற்ற நாளிலிருந்து எண்ணும் ஆண்டிலும், கவனம் தேவை. எலிசபெத்தின் ஆட்சியாண்டு நவம்பர் 17 அன்று தொடங்கும், ஜேம்ஸுடையது மார்ச் 24 அன்று. 'ஜேம்ஸ் 5', அதாவது ஜேம்ஸின் ஐந்தாம் ஆட்சியாண்டு, என்றால் 1607 மார்ச் 24 முதல் 1608 மார்ச் 23 வரை. பழைய தேதியை நம் கணக்குக்குக் கொண்டுவரும்போது ஆண்டை மட்டும் மாற்றுங்கள், நாள் எண்ணைத் தொடாதீர்கள். ஐரோப்பாவின் புதிய நாட்காட்டிக்கும் இங்கிலாந்துக்கும் அப்போது 10 நாள் இடைவெளி இருந்தது. அதையும் சேர்த்துக் கூட்டிவிட்டால் எந்த ஆவணத்தோடும் உங்கள் தேதி பொருந்தாது.

நார்ஃபோக் வாசகர்

பெயர்க் குழப்பத்துக்கு வருகிறேன். அந்தக் குடும்பத்தில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். அப்பா ராபர்ட், மூத்த மகன்களில் ஒருவர் ராபர்ட். முதல் மனைவி பிரிட்ஜெட், மகளும் பிரிட்ஜெட். எலிசபெத் என்ற பெயரில் மட்டும் மூவர்: இரண்டாம் மனைவி, முதல் தாரத்தின் மகள், இரண்டாம் தாரத்தின் மகள். வெறும் பெயரோடு நிறுத்தாமல், ஒவ்வொருவருக்கும் தாய் யார், மணந்தது யாரை என்று சேர்த்தே எழுதுங்கள்.

முதல் தாரம் பிரிட்ஜெட் பாஸ்டன். 15ஆம் நூற்றாண்டுக் கடிதங்களால் பேர்பெற்ற நார்ஃபோக் பாஸ்டன் குடும்பத்துப் பெண். திருமணம் 1582 ஆகஸ்டில். பிள்ளைகள் பத்துப் பேர். ஆண்கள் எட்வர்ட், ராபர்ட், ஆர்தர், ஜான், ஹென்றி, கிளெமென்ட், தாமஸ். பெண்கள் எலிசபெத், ஆன், பிரிட்ஜெட். எட்வர்டும் எலிசபெத்தும் சிறு வயதிலேயே இறந்துவிட்டார்கள், தாமஸ் கைக்குழந்தையாக. ஜான் மணந்த மெரியல் வீட்லி வழியாகத்தான் ஹோல்கம் நிலம் கோக் குடும்பத்துக்கு வந்தது. பின்னாளில் அது ஹென்றியின் வாரிசுகளிடம் போனது. இன்று நாம் பார்க்கும் ஹோல்கம் மாளிகை 1734இல் தொடங்கியது, கோக் இறந்து நூறாண்டு கழித்து. அவர் அங்கே வாழ்ந்தார் என்று எழுதிவிடாதீர்கள்.

பிரிட்ஜெட் இறந்தது 1598 ஜூன் 27. ஐந்து மாதம்கூட ஆகவில்லை, நவம்பரிலேயே மறுமணம். மணமகள் எலிசபெத், அரசி எலிசபெத்தின் முதன்மை அமைச்சர் பர்லி பிரபுவின் பேத்தி, சர் வில்லியம் ஹாட்டனின் இளம் விதவை. அவரை மணக்க வழக்கறிஞரும் மெய்யியலாளருமான ஃப்ரான்ஸிஸ் பேக்கனும் முயன்றார். கோக்குக்கும் பேக்கனுக்கும் பதவிப் போட்டி ஏற்கனவே இருந்தது, இது அதன்மேல் இன்னொன்று. திருமணம் தனி வீட்டில், முன்னறிவிப்பும் உரிமமும் இல்லாமல் நடந்தது. நாட்டின் தலைமை வழக்கறிஞர்மீதே திருச்சபை நீதிமன்றத்தில் நடவடிக்கை வந்தது. திருச்சபைச் சட்டம் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித்தான் கோக் தப்பினார்.

அந்த அம்மையார் மறுமணத்துக்குப் பிறகும் ஹாட்டன் என்ற பெயரை விடவில்லை. லண்டன் ஹோல்பர்னில் இருந்த ஹாட்டன் இல்லமும் டார்செட்டின் கோர்ஃப் கோட்டையும் முதல் கணவர் வழி வந்த சொத்து. பெயரை விடாததற்கு அந்த அந்தஸ்தும் காரணம். கோக் இறந்த பிறகு, 1635இல், கோட்டையை அந்த அம்மையாரே சர் ஜான் பேங்க்ஸுக்கு விற்றார். இவர்களுக்கு இரண்டு பெண்கள், எலிசபெத்தும் ஃப்ரான்ஸிஸும். குடும்பப் பெயரை 'குக்' என்று உச்சரிப்பதே சரி; எழுத்தில் கோக் நிலைத்துவிட்டதால் மாற்ற வேண்டாம்.

கொடிவழி

மிக்க நன்றி. இரண்டு எலிசபெத்துகளை ஒருவராகவே போட்டிருந்தேன், பிரித்துவிட்டேன். ஃப்ரான்ஸிஸ் பற்றி?

மன்ற மூத்தவர்

'அரசியல் பேரம்' என்ற ஒரு வரியில் அந்தப் பெண் காணாமலே போய்விடுகிறாள். கால வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் புரியும்.

கோக் 1606இல் பொது வழக்கு நீதிமன்றத் தலைமை நீதிபதி, 1613இல் அரச மன்ற (கிங்ஸ் பெஞ்ச்) நீதிமன்றத் தலைமை நீதிபதி. அரசரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே என்று தீர்ப்புகளில் நின்றார். 1616 நவம்பரில் ஜேம்ஸ் அவரைப் பதவிநீக்கினார். மீண்டும் அரசவைக்குள் நுழைய அவர் கண்ட வழி, அரசரின் அன்புக்குரிய பக்கிங்ஹாமின் அண்ணன் ஜான் வில்லியர்ஸுக்கு மகளைக் கொடுப்பது. வரதட்சணை 10,000 பவுண்டு. முதலில் அந்தத் தொகையைக் கேட்டு மறுத்தவர், பிறகு இணங்கினார்.

தாயைக் கேட்கவில்லை. 1617 ஜூலையில் ஹாட்டன் சீமாட்டி மகளை அழைத்துக்கொண்டு ஓட்லண்ட்ஸ் அருகே ஒரு வீட்டில் ஒளிந்தார். கோக், மகன் கிளெமென்டையும் ஆயுதம் ஏந்திய ஆட்களையும் கூட்டிப்போய்க் கதவை உடைத்து மகளைத் தூக்கிவந்தார். 1604ஆம் ஆண்டு செமெய்ன் வழக்கில் 'அவரவர் வீடு அவரவர்க்குக் கோட்டை' என்று எழுதிவைத்த அதே கை! தாய் பேக்கனிடம் முறையிட்டார். பேக்கன் முதலில் திருமணத்தை எதிர்த்து அரசருக்கு எழுதினார். அரசரும் பக்கிங்ஹாமும் சினந்ததும் பின்வாங்கினார். ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவுக்கு ஏற்கனவே நிச்சயமான பெண் என்று தாய் காட்டிய ஏடும் எடுபடவில்லை.

செப்டம்பர் 29 அன்று ஹாம்ப்டன் கோர்ட்டில் திருமணம். பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுத்தவர் அரசர். தாய் காவலில் இருந்தார். கோக்குக்கு அரசாலோசனைக் குழுவில் இடம் திரும்பக் கிடைத்தது, நீதிபதிப் பதவி கிடைக்கவில்லை. ஜான் 1619இல் பர்பெக் பிரபு ஆனார். கோர்ஃப் கோட்டை நிற்கும் பகுதிதான் பர்பெக். தாய்வீட்டுச் சொத்தின்மீது யாருக்குக் கண் என்பதை அந்தப் பட்டமே காட்டுகிறது.

ஜானுக்கு மனநோய். ஃப்ரான்ஸிஸ் சர் ராபர்ட் ஹவார்டுடன் வாழ்ந்து, 1624இல் மகனைப் பெற்றார். 1627இல் திருச்சபை உயர் ஆணையம் வெள்ளைத் துணி சுற்றி வெறுங்காலோடு நின்று கழுவாய் தேடும்படி தண்டித்தது. அவர் தப்பிவிட்டார். பிற்காலத்தில் ஸ்டோக் போஜஸில் முதிய தந்தையைக் கவனித்தவரும் அவரே. இதைக் கொடிவழியில் ஒரு குறிப்பாகவேனும் போடுங்கள்.

பழைய நாட்காட்டி

மூத்தவர் சொன்ன செமெய்ன் வழக்கைச் சரிபார்க்க கோக் தீர்ப்புத் தொகுப்பு 5, ஏடு 91, பக்கம் அ பாருங்கள். ஏட்டின் முன்பக்கம் அ, பின்பக்கம் ஆ. தொகுப்புகள் 1 முதல் 11 வரை அவர் இருக்கும்போதே, 1600 முதல் 1615க்குள், வந்தவை. 12, 13 இரண்டும் 1650களில், அவர் இறந்தபின் குறிப்புகளிலிருந்து அச்சானவை. அரசரிடம் நேருக்கு நேர் பேசியதாக எல்லோரும் மேற்கோள் காட்டும் 1607 தடையாணை வழக்கு (அரசர் தாமே வழக்குகளைத் தீர்க்கலாமா என்பது பற்றியது) 12ஆம் தொகுப்பில்தான் இருக்கிறது. அது கோக் பக்கத்து விவரணை மட்டுமே என்று குறித்துவையுங்கள்.

இறப்பு 1634 செப்டம்பர் 3, ஸ்டோக் போஜஸ். அவர் சாகக் கிடந்தபோதே அரசுச் செயலர் விண்டிபேங்க் வந்து கையெழுத்துப் பிரதிகளை எடுத்துப்போனார். 1641இல் நாடாளுமன்றம் தலையிட்ட பிறகே அவருடைய சட்ட நூலின் மீதிப் பகுதிகள் 1642, 1644இல் அச்சேறின. அடக்கம் நார்ஃபோக்கின் டிட்டில்ஷாலில், பிரிட்ஜெட்டுக்கு அருகில். பிரிட்ஜெட்டின் நினைவுச் சின்னத்தில் பிள்ளைகளின் உருவங்களும் உண்டு. அதன் படத்தை உங்கள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.