ஆப்ஜெக்ட் முறையில் (தகவலையும் அதற்கான வேலையையும் ஒன்றாக வைத்து) நிரல் எழுதுவதை அடியிலிருந்து கற்க எங்கே தொடங்கலாம்?

ஆத்தூர் கிழங்கு:
எங்கள் வீட்டு ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு லோடு வந்தால் எடை போட்டு, மாவுச்சத்து பாயிண்ட் பார்த்து விலை போடுவோம். இதை ஜாவாவில் எழுதினேன். 'லோடு' என்று கிளாஸ் (ஆப்ஜெக்டுக்கான வார்ப்பு) இருக்கிறது, உள்ளே மதிப்பை எடுக்கிற கெட்டரும் மாற்றுகிற செட்டரும்தான். கணக்கெல்லாம் நிரல் தொடங்குகிற மெயினில் கிடக்கிறது. அப்பா விலை முறையை மாற்றினால் நாலு இடத்தில் திருத்த வேண்டியிருக்கிறது. முறையாகக் கற்க என்ன வழி? அறுவடைக்குள் ஓட்டிக் காட்டுகிற மாதிரி ஒன்றும் வேண்டும்.

ஏற்காடு மிளகு:
தம்பி, ஒரு மாதம் ஜாவாவை மூடி வைத்துவிட்டு ஃபாரோ என்ற நிரல் மொழியை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம்தான். 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் ஆலன் கே, டேன் இங்கால்ஸ், அடேல் கோல்ட்பெர்க் குழுவினர் உருவாக்கிய ஸ்மால்டாக் மொழியின் வழியில் வந்தது. அதில் எண்ணும் ஆப்ஜெக்ட். 3 + 4 என்றால் 3-க்கு '+' என்ற செய்தி போகிறது, 4 அதோடு கூடப் போகிறது. 'இப்படியென்றால் இதைச் செய்' என்கிற 'இஃப்' கூடத் தனி இலக்கணம் இல்லை. ட்ரூ (ஆம்), ஃபால்ஸ் (இல்லை) என்ற ஆப்ஜெக்டுகளுக்கு அனுப்புகிற செய்தி. மெயினில் கொட்டி வைக்க இடமே கிடையாது, அதனால் பழக்கம் சீக்கிரம் படியும்.

உங்கள் கணக்கையே எடுங்கள். எடை, பாயிண்ட் இரண்டை மட்டும் வைத்து 'லோடு' கிளாஸ் செய்யுங்கள். ஃபாரோவில் எழுதி ஓட்டிப் பார்க்கும் பிளேகிரவுண்டு சாளரத்தில் ஒரு லோடை உண்டாக்கி அதனிடம் 'விலை' கேளுங்கள். அந்தச் செய்திக்கான மெத்தட் (செய்யவேண்டிய வேலை) இன்னும் எழுதப்படவில்லை, ஆகவே பிழை பார்க்கும் டீபக்கர் சாளரம் திறக்கும். அங்கேயே 'கிரியேட்' அழுத்துங்கள். அந்த லோடின் எடையும் பாயிண்டும் கண்முன்னே இருக்கும். பார்த்தபடியே எழுதி 'புரொசீட்' கொடுத்தால் நின்ற இடத்திலிருந்தே தொடரும். எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்தது இதுதான். எடையை வெளியே எடுத்துப் பெருக்காதீர்கள், விலையை லோடிடமே கேளுங்கள்.

அம்மாபேட்டை தறி:
ஒன்று கவனம். ஃபாரோவில் 2 + 3 * 4 போட்டால் 20 வரும். இரண்டுமே செய்தி என்பதால் இடமிருந்து வலமாகப் போகும். வாடகை + எடை * விலை என்று எழுதினால் காசு தப்பிவிடும், அடைப்புக்குறி போடுங்கள். அப்புறம், ஃபாரோ எல்லாவற்றையும் சேமிக்கிற இமேஜ் கோப்பை மட்டும் நம்பாமல், மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் (Git) கருவியிலும் ஏற்றி வையுங்கள்.

ஆத்தூர் கிழங்கு:
அக்கா, ஞாயிற்றுக்கிழமை எங்கள் கணக்குப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தேன். முதல் விலை வந்ததுமே "மண்ணுக்குக் கழிவு எங்கே?" என்றார். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் 'நிகர எடை' சேர்ந்துவிட்டது. பழைய சீட்டு ஆறு எடுத்து ஒத்துப் பார்த்தோம். ஐந்து சரி, ஒன்று மட்டும் இடித்தது. அரை பாயிண்ட் வந்தால் விவசாயிக்குச் சாதகமாக ஏற்றிப் போடுவாராம். அப்பாவுக்கே இது தெரியாது! இதை லோடில் வைப்பதா, 'பாயிண்ட்' என்று தனி கிளாஸா?

ஏற்காடு மிளகு:
தனியாக வையுங்கள். ஏற்றிப் போடுவது பாயிண்டின் வேலை, லோடு அதைத் தெரிந்துகொள்ள வேண்டாம். அந்த ஆறு சீட்டையும் அப்படியே டெஸ்ட்டாக (விடை சரியா என்று தானே சோதிக்கும் நிரலாக) எழுதிவிடுங்கள்.